கரண்ட் திரும்பி வரும் நேரம்

கேள்வி:

ஐயா, நான் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு நீலகிரிக்கு வந்தேன். கட்டபெட்டிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, லைனின் கடைசியில் எங்கள் வீடு. கணவருக்குத் திருப்பூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் வருவார். வீட்டில் நான், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், 76 வயது மாமியார். அத்தைக்கு நுரையீரல் தொந்தரவு. ராத்திரியில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மெஷின்) வைத்துக்கொண்டுதான் தூங்குவார். போன ஐப்பசி மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் இரவு அத்தையைச் சாய்த்து உட்காரவைத்து விடிய விடிய விழித்திருந்தேன். மறுநாள் சொந்தக்காரர் ஒருவர் சிலிண்டர் கொண்டுவந்து கொடுத்தார். குளிருக்கு அவர் அறையில் கரி அடுப்பு வைத்துச் சமாளித்தோம். மூன்றாம் நாள் கரண்ட் வந்த வேகத்தில் டி.வி.யும் ஃபிரிட்ஜும் புகைந்து போயின. இந்த வருஷம் மழைக்கு முன்னால் 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார் கொழுந்தனார். இரட்டை பேட்டரி இன்வெர்ட்டர் போதும் என்கிறார் கணவர். எனக்கு சோலார் மேல் ஆசை. எதை வாங்கலாம்?

பின்குறிப்பு: இடி இடித்தால் கடப்பாரையை வாசலில் போடச் சொல்கிறார் அத்தை. போடலாமா?

பதில்:

வணக்கம் தங்கச்சி. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள், கணக்கோடு சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள், அதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. அத்தை அறையில் கரி அடுப்பு வைத்தோம் என்ற வரி. முதலில் அதை முடித்துக்கொள்வோம்.

31 வருஷம் இந்த மலையில் கம்பம் ஏறி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் இல்லாததாலேயே ஒரு வீட்டில் உயிர் போனதை நான் பார்த்தது குறைவு. கரண்ட் இல்லை என்று நாம் செய்கிற வேலையால் போனதைப் பார்த்திருக்கிறேன். அதில் முதலாவது இந்தக் கரி அடுப்பு. ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும், குளிருக்குக் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இந்த மலைகளுக்குப் புதிதல்ல.

கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண்ணும் எரியாது. வெளியில் வைத்துப் புகையெல்லாம் போன பிறகு, செக்கச்செவேலென்று தணலாக இருக்கும்போதுதான் 'இனிமேல் பயமில்லை' என்று அடுப்பை உள்ளே தூக்கி வருவோம். அந்தத் தணல்தான் ஆள்கொல்லி. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு ஒரு மயக்கம். தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவோம். நுரையீரல் சரியில்லாதவருக்கு இன்னும் சீக்கிரம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோமே என்பீர்கள். குளிரில் அந்த 'கொஞ்சம்' எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

போதாததற்கு, அதே அறையில் சிலிண்டர் வேறு திறந்திருந்தது. ஆக்சிஜன் ஓடுகிற படுக்கையில் போர்வை, தலையணை, தலைமுடி எல்லாவற்றிலும் அது ஊறி நிற்கும். ஒரு பொறி விழுந்தால் குப்பென்று பிடிக்கும். அதனால் அத்தை அறைக்குள் கரி அடுப்பு மட்டுமல்ல, மெழுகுவத்தி, அகல், ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் போகக் கூடாது. சாமி விளக்கைக் கூடத்தில் ஏற்றிக்கொள்ளட்டும். குளிருக்கு என்ன செய்வது? காஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு இரண்டு ரப்பர் பைகளில் ஊற்றி, துணி சுற்றி, ஒன்றைக் காலடியிலும் ஒன்றை இடுப்புக்குப் பக்கத்திலும் வையுங்கள். கம்பளிக் குல்லா, காலுறை. மூன்று நாளும் எல்லாரும் ஒரே அறையில் படுங்கள். நாலு பேர் மூச்சுச் சூட்டுக்கு நம் ஊர்க் குளிர் அடங்கிவிடும், ஜனவரி உறைபனி வேறு கதை.

சரி, இனி டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஏன் போயின என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் 60,000 ரூபாயில் முதல் செலவு எங்கே என்று தானாகத் தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனில் கரண்டைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பியும், அது திரும்பிப் போகும் ஒரு நியூட்ரல் கம்பியும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வருவது ஒரு பேஸும் அந்த நியூட்ரலும். இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட். காற்றில் ஒரு சீகை மரம் சாய்ந்து நியூட்ரலை மட்டும் அறுத்துவிட்டது என்று வையுங்கள். உங்கள் வீடும், வேறு பேஸில் இருக்கிற பக்கத்து வீடும், உங்களுக்குத் தெரியாமலே ஒன்றோடொன்று தொடராகக் கோத்துக்கொள்ளும். இரண்டு பேஸுக்கும் நடுவே இருப்பது கிட்டத்தட்ட 400 வோல்ட். எந்த வீட்டில் லோடு குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டுக்கு 300, 350 என்று ஏறும். பக்கத்து வீட்டில் கெய்சர் போட்டிருக்க, உங்கள் வீட்டில் ஒரு டி.வி.யும் ஃபிரிட்ஜும் மட்டும் என்றால் அடி உங்களுக்குத்தான். பல்பு திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தால், அல்லது ஒரு வீட்டில் மங்கலாகவும் ஒரு வீட்டில் பளீரென்றும் எரிந்தால், யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். நியூட்ரல் போயிருக்கிறது என்று அர்த்தம். நியூட்ரல் கம்பி நன்றாக இருந்தும் இணைப்பு துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால்கூட இதே கதைதான். மழையில் பழுது பார்த்த லைனுக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் இப்படிப்பட்ட குறையெல்லாம் வெளியே வரும்.

அதனால் பழக்கம் ஒன்று: கரண்ட் போன உடனே மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். திரும்பி வந்ததைத் தெரிந்துகொள்ளத் தெருவிளக்கோ பக்கத்து வீட்டு விளக்கோ போதும். வந்த பிறகு பத்து நிமிஷம் பொறுங்கள். லைனைச் சோதிக்க ஒன்றிரண்டு தடவை போட்டு எடுப்போம், அதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் முடியும். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இருக்கிற எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாம் இறங்கியிருக்கும்படி வைத்துக்கொண்டு மெயினை ஏற்றி, முதலில் ஒரு பல்பு. அது வழக்கம்போல எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மற்றவை, கடைசியாக ஃபிரிட்ஜ்.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்குக் கருவி இருக்கிறது. மெயின் பலகையில் மாட்டுகிற ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப். வோல்டேஜ் அளவு மீறினால் தானே அறுத்துவிட்டு, சரியான பிறகு சில நிமிஷம் கழித்துச் சேர்த்துவிடும். போன டி.வி. விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். அதே பலகையில், கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். மேலே 'டி' என்று ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பொம்மை, மாற்றுங்கள். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

இதில் நம் மலைக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. மழைக் காலத்தில் சுவரெல்லாம் ஓதம். மேற்குப் பார்த்த சுவரில் இருக்கிற சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் உள்ளே வியர்த்திருக்கும். அதனால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். விழுகிறதே என்று எரிச்சலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படிச் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் எந்தச் சர்க்யூட்டில் விழுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் குளியலறை கெய்சர் அல்லது வெளிவிளக்காக இருக்கும். அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

இனி இன்வெர்ட்டர் கணக்கு. பேப்பரில் போட்டுப் பாருங்கள், உங்கள் கணவரோடு சண்டை வராது.

150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட் மணி. முழுதும் எடுக்க முடியாது. பேட்டரியை ஒட்டச் சுரண்டினால் சீக்கிரம் செத்துவிடும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது 1,100 என்று வையுங்கள். குளிர் நாளில் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். 9 வாட் எல்.இ.டி. ஐந்து, வைஃபை பெட்டி, இரண்டு போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் 75 வாட். சாயங்காலம் ஆறிலிருந்து பதினொன்று வரை ஐந்து மணி நேரம் மட்டும் எரித்தால் நாளுக்கு 375. ஆக ஒரே பேட்டரியில் இரண்டு ராத்திரிக்கு மேல் ஒப்பேற்றலாம், ஒரு நிபந்தனையோடு. ஒன்றும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் சும்மா இருக்காது, 15 வாட் அளவுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 360 வாட் மணி, கிட்டத்தட்ட விளக்குக்கு ஆகிற அளவு. அதனால் கரண்ட் இல்லாத நாட்களில் படுக்கப் போகும்போது முன்பக்கப் பொத்தானை அமுக்கி இன்வெர்ட்டரையே நிறுத்திவிடுங்கள். ராத்திரிக்கு டார்ச் போதும்.

இதே பேட்டரியில் கான்சன்ட்ரேட்டரை மாட்டினால்? நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் தரும் மெஷின் 350 வாட் வாங்கும். மூன்று மணி நேரம், அவ்வளவுதான். இரட்டை பேட்டரி போட்டால் ஆறு மணி நேரம். அதிகப் பேட்டரிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதற்குப் பதில் 'பி' டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிஷம், பன்னிரண்டரை மணி நேரம். ஒரு முழு ராத்திரி. மூன்று ராத்திரிக்கு மூன்று சிலிண்டர். அத்தைக்கு எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்வது கணக்கு மட்டும். ரெகுலேட்டரும் குழாயும் உங்களிடமே இருக்கட்டும், ஸ்பானரைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் ஸ்பானரைத் தேடுகிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்துங்கள். வால்வில் எண்ணெய், கிரீஸ், தைலம் பட்ட கையை வைக்க வேண்டாம்; நீலகிரித் தைலம் தேய்த்த கைக்கும் இதே சட்டம்.

ஆகவே ஒரு பேட்டரி இன்வெர்ட்டர், லைன் கரண்டைப் போலவே சீராகத் தரும் சைன் வேவ் வகை. கடைக்குக் கடை மாறும், ஆனால் 25,000 ரூபாயை ஒட்டி முடித்துவிடலாம். கான்சன்ட்ரேட்டரையும் அதில் இணைத்து வையுங்கள். கரண்ட் போன நிமிஷத்தில் மெஷின் நிற்காது, நீங்கள் பதறாமல் எழுந்து சிலிண்டருக்கு மாற்றுவதற்குள் நேரம் கிடைக்கும். மூன்று மணி நேரத்தின் உண்மையான உபயோகம் இதுதான். பேட்டரியைப் படுக்கையறையிலோ அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டம் வேண்டும். நம் ஊரில் குளிருக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் வைத்தவர்களும் உண்டு.

ஜெனரேட்டர் வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மூன்று நாள் ரோடு அடைத்தால் பெட்ரோலுக்கு எங்கே போவது, அதை வீட்டில் எங்கே சேர்த்து வைப்பது? சத்தத்துக்கும் புகைக்கும் பயந்து மழையில் நனையாமல் திண்ணையில் வைப்பார்கள். அந்தப் புகையில் வருவதும் கரி அடுப்பில் வருகிற அதே வாயுதான். எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு காரணம் இருக்கிறது, அது என் கண்ணால் பார்த்தது.

நான் வேலையில் சேர்ந்த புதிது. விடாத மழை. குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) விழுந்து லைன் அறுந்துவிட்டது. லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைன் செத்ததென்று நினைத்து என்னோடு இருந்தவர் கம்பத்தில் ஏறினார். இடுப்புக் கயிற்றை மாட்டிக் கம்பியைத் தொட்டதுதான் தாமதம், உடம்பு வில்லாக வளைந்தது. நல்ல வேளையாகக் கயிறு பிடித்துக்கொண்டது. விரல் இரண்டு கருகி உயிர் தப்பினார். எங்கிருந்து வந்தது கரண்ட் என்று தேடினால், கீழே ஒரு விடுதியில் ஜெனரேட்டர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர் ஒன்றைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்க விளக்கு எரித்துக்கொண்டிருந்தார்கள். மெயினை இறக்கவில்லை. அந்தக் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாக லைனுக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் போனால் 230 வோல்ட் பல ஆயிரமாகிவிடும். லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு போடாமல் ஏறியது எங்கள் தப்பும்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வீட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டால், லைனும் ஜெனரேட்டரும் ஒன்றுசேராமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் எங்கே என்றுதான் முதலில் என் கண் தேடும். இன்வெர்ட்டர் ஒயரிங்கிலும் நியூட்ரலைக் கண்டபடி சேர்த்தால் இதே ஆபத்து உண்டு. அதனால் லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள்.

சோலார் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மார்ச் மாதத்தில் அருமையாக வேலை செய்யும். நமக்கு வேண்டியதோ பத்து நாள் மேகத்துக்குள்ளேயே வீடு இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில். சோலார் விளக்கு இருந்தால் மழைக்கு முன்பே கரண்டில் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

அடுத்து, வீட்டுக்கு வெளியே வந்து மேலே பாருங்கள். கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயர், சுவரில் நுழைகிற இடத்துக்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலே ஏறி நுழைய வேண்டும். அந்த வளைவு இல்லாமல் நேராகச் சரிந்து வந்தால், மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி மீட்டர் பெட்டிக்குள் சொட்டும். டார்ச் அடித்துப் பாருங்கள்: மீட்டர் பலகைக்குக் கீழே சுவரில் துருநிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தால், தண்ணீர் பல வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. ஒயரைத் தாங்குகிற ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி தகரக் கூரையை உரசுகிறதா என்றும் பாருங்கள். காற்றில் ஆடி ஆடி ஒயரின் தோல் தேய்ந்தால் கூரை முழுக்கக் கரண்ட் ஏறும். கூரைக்கு ஏறி நீங்களே தள்ளிவிட வேண்டாம். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

மரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. தோட்டத்துக்கு நடுவே வீடு என்றால் சில்வர் ஓக் இல்லாமல் இருக்காது, ஓரத்தில் சீகையோ கற்பூரமோ நிற்கும். சில்வர் ஓக்கின் கிளை காற்றுக்கு முறியும். சீகைக்கு வேர் ஆழம் கிடையாது, மண் ஊறினால் வேரோடு சாயும். லைனைத் தொடுகிற கிளைகளைக் கழிக்க மின்வாரியத்தில் கேட்கலாம். முழு மரத்தை வெட்ட வேண்டுமானால் அனுமதி வேண்டும். மலைப் பகுதி மரங்களுக்கென்றே 1955ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, சொந்த நிலத்து மரமானாலும் சரி. வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிற மரமென்றால் போட்டோ எடுத்து இப்போதே மனுக் கொடுங்கள், மழை ஆரம்பித்த பிறகு வரிசை நீளும். ஆள் கிடைத்தார் என்று வீட்டுப் பக்கத்துக் கிளையை மட்டும் கழித்துவிட்டால், எடை மறுபக்கம் போய் மரம் அந்தப் பக்கம் விழும். அந்தப் பக்கம் லைன் இருந்தால் நமக்குத்தான் மூன்று நாள்.

ஏன் மூன்று நாள் என்று கோயம்புத்தூரில் வளர்ந்தவர் கேட்கத்தான் செய்வீர்கள். இதில் ஒரு வேடிக்கை: 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்து, அதில்தான் உங்கள் ஊர் மில்கள் ஓடின. கரண்ட் பிறந்த மலையிலேயே கரண்ட் இல்லை. கீழே கம்பம் சாய்ந்தால் லாரி வரும். இங்கே பள்ளத்தாக்கைத் தாண்டும் லைனில் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே ஆள் நடந்து போக வேண்டும், மேகத்தில் பத்தடி தெரியாது, வழியில் காட்டு மாடு நிற்கும். கம்பத்தை எட்டுப் பேர் தோளில் தூக்கி ஏற்றுவோம். முதலில் சப் ஸ்டேஷன், பிறகு ஹெச்.டி. (உயர் அழுத்த) லைன், பிறகு டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில்தான் ஒற்றை வீடு. நீங்கள் லைனின் கடைசி வீடு என்பதால் மற்றவர்களுக்கு வந்தும் உங்களுக்கு வராமல் போகலாம். அப்போது சும்மா காத்திருக்காமல் தனியாகப் புகார் சொல்லுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கூப்பிடும்போது சர்வீஸ் எண்ணும், உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பெயரும் கம்ப எண்ணும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. இப்போதே நடந்து போய்க் கம்பத்தில் எழுதியிருப்பதைக் குறித்து, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ராத்திரியில் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கப் போகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. தெருவிளக்கு இல்லாத கோத்தகிரிச் சாலையில் கரடி நம்மைவிட நன்றாகப் பார்க்கும்.

அறுந்த கம்பியைப் பார்த்தால், செத்த கம்பி என்று யார் சொன்னாலும் முப்பதடிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஈர மண்ணில் கரண்ட் பரவி நிற்கும். பக்கத்தில் இருப்பது தெரிந்துவிட்டால் காலைத் தூக்காமல், இரண்டு பாதமும் ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். மாட்டை அவிழ்த்துவிடும் முன் தோட்டத்தை ஒரு சுற்றுப் பாருங்கள்.

மழை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தைப் போட்டுத் தாக்கும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. உங்கள் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம். 2009 நவம்பரில் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் 'ரெட் அலர்ட்', அதாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அறிவிப்பு வந்தால், எந்த இன்வெர்ட்டரையும் நம்பி உட்காராமல், ரோடு திறந்திருக்கும்போதே அத்தையைக் கோயம்புத்தூரில் உங்கள் அம்மா வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரோடு அடைத்த பிறகு ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதிதாக வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கல், சாத்திய கதவு திறக்காமல் பிடிப்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் எல்லாரும் கிளம்புங்கள், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். மாற்று காஸ் சிலிண்டர், பத்து நாள் மாத்திரை, குடிதண்ணீர், கையில் சில்லறைப் பணம். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் செல் டவரும் படுத்துவிடும், அப்போது ஜிபே வேலை செய்யாது. பேட்டரி செல் போடுகிற ஒரு சின்ன ரேடியோ வாங்குங்கள். உதகை வானொலியில் ரோடு நிலவரம் கேட்கலாம்.

எல்லாம் வாங்கி மாட்டிய பிறகு, கணவர் வந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல் மெயினை இறக்கிவிடுங்கள். ஒன்பது மணி வரை ஏற்றக் கூடாது. டார்ச் எங்கே, எந்த பல்பு இன்வெர்ட்டரில் எரியவில்லை, சிலிண்டருக்கு மாற்ற எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். என் வீட்டில் முதல் தடவை இப்படிச் செய்தபோது, காஸ் லைட்டரில் பொறி வரவில்லை. ஒரு தீப்பெட்டி கிடைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். லைன்மேன் வீடு! பெரிய பிள்ளையிடம் மெயின் சுவிட்சை இறக்கும் வேலையையும், சின்னதிடம் டார்ச் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். பயம் குறையும்.

கடைசியில் கடப்பாரை. அத்தையிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவும் போடச் சொல்வார். இடியைத் தாங்க, கூரைக்கு மேல் கம்பி நட்டு, பட்டையாகத் தாமிரமோ ஜி.ஐ.யோ இறக்கி, பூமிக்குள் சரியாக எர்த் செய்திருக்க வேண்டும். வாசலில் படுத்திருக்கும் கடப்பாரை அதில் எதையும் செய்யாது. இடி நேரத்தில் டி.வி. பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள், அந்த ஒயர் கூரையிலிருந்துதான் வருகிறது. அத்தை மனசுக்காகப் போடுவதானால் மழை வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், மின்னல் வெட்டும்போது இரும்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டாம். நடைபாதையில் குறுக்கே போடாமல் சுவரோரமாகப் போடுங்கள். சிலிண்டருக்காக இருட்டில் ஓடும்போது தடுக்கி விழுவது நீங்களாகத்தான் இருக்கும்.